நான்கு நாட்டுப் பால்வாடிகள்: ஒரு பழைய டீச்சர் போட்ட மார்க்

அங்கன்வாடியில் 30 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மகன் ஜப்பானில் இருக்கிறான், மகள் ஜெர்மனியில், தங்கை மகள் ஸ்வீடனில். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போனேன் என்று பெயர். போன இடத்திலெல்லாம் நான் உட்கார்ந்து பார்த்தது அந்தந்த ஊர்ப் பால்வாடியை. திரும்பி வந்ததும் "எந்த நாடு டீச்சர் பெஸ்ட்டு?" என்று கேட்காத ஆளில்லை. மிக்ஸி வாங்கினால்கூட நாலு வரி மதிப்பீடு எழுதிப் போடுகிறார்கள். பெற்ற பிள்ளையை எட்டு மணி நேரம் விட்டுவிட்டு வருகிற இடத்துக்கு யாராவது எழுத வேண்டாமா?

சுவரில் வரைந்த யானையையும் வண்ண நாற்காலியையும் பார்த்து மார்க் போடுகிற வழக்கம் எனக்கில்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள். நான் பார்ப்பது வேறு. ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளை? முதல் நாள் பிள்ளை அழுதால் என்ன செய்கிறார்கள்? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பிழைப்பு கெடுகிறது? மூக்கைத் துடைத்துவிடுகிற பெண்ணை அரசாங்கம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது? இவ்வளவுதான்.

முதலில் பெர்லின், ஏனென்றால் அங்கேதான் நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டு வந்தேன்.

2023 செப்டம்பரில் போனேன். பேத்திக்கு அப்போது 14 மாதம். அங்கே பால்வாடிக்கு 'கீட்டா' என்று பெயர். 2013 ஆகஸ்ட் 1 முதல் ஜெர்மனியில் ஒரு வயது முடிந்த எந்தக் குழந்தைக்கும் கவனிப்பு இடம் கேட்கும் சட்ட உரிமை உண்டு. உரிமை குழந்தையுடையது. அம்மா வேலைக்குப் போகிறாளா, வீட்டில் இருக்கிறாளா என்பது அதற்குத் தடையில்லை. நாள் முழுக்க விட வேண்டுமென்றால்தான் காரணம் காட்ட வேண்டும். பெர்லினில் 2018 ஆகஸ்ட்டிலிருந்து கட்டணமும் கிடையாது, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 23 யூரோ. ஜெர்மனி முழுக்க இப்படி என்று நினைத்துவிடாதீர்கள், கட்டண விஷயம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அந்த உரிமைக்குப் பல் இருப்பது. லைப்சிக் நகரத்தில் மூன்று தாய்மார்களுக்கு இடம் கிடைக்காமல், நேரத்துக்கு வேலைக்குத் திரும்ப முடியவில்லை. வழக்குப் போட்டார்கள். இடம் தராமல் போனது நகராட்சியின் தவறு என்றால், இழந்த சம்பளத்தை அதனிடம் கேட்கலாம் என்று 2016இல் அந்த நாட்டின் உச்ச சிவில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவு ஆறு வயது வரை பிள்ளைகளுக்குக் கவனிப்பும் கல்வியும் தர அரசு 'முயல வேண்டும்' என்கிறது. முயல வேண்டும் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு யார் மேலும் வழக்குப் போட முடியாது.

சரி, உரிமை இருந்தால் இடம் கிடைத்துவிடுமா? மகள் மாசமாக இருந்தபோதே கீட்டா கீட்டாவாகப் பெயர் எழுதிவைக்க ஆரம்பித்தாள். அரசு ஒரு சீட்டு கொடுக்கும், அதை எந்தக் கீட்டாவிலும் கொடுக்கலாம். சினிமா டிக்கெட் கையில் இருக்கிறது, தியேட்டரை நாம்தான் தேட வேண்டும் என்கிற கதை. இருபது இடத்துக்கு மேல் எழுதி, நாலு இடத்திலிருந்து பதில் வந்து, ஒன்றில் இடம் கிடைத்தது.

இடம் கிடைத்த பிறகு வருவதுதான் என் பாடம். பிள்ளையைப் பழக்கப்படுத்துவதற்கென்றே அங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஊரின் பெயரையே வைத்து 'பெர்லின் மாதிரி' என்கிறார்கள். முதல் மூன்று நாள் வீட்டு ஆள் ஒருவர் பிள்ளையோடு வந்து ஒரு மணி நேரம்போல உட்கார்ந்துவிட்டு, பிள்ளையோடேயே திரும்பிப் போய்விட வேண்டும். பிரிக்கிற பேச்சே கிடையாது. நான்காம் நாள்தான் கொஞ்ச நேரம் பிரித்துப் பார்ப்பார்கள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் லீவு தீர்ந்திருந்தது. அம்மா அப்பாதான் வர வேண்டும் என்றில்லை, பிள்ளைக்கு நன்றாகப் பழகிய ஆள் யாராக இருந்தாலும் சரி என்றார்கள். அந்த வேலை எனக்கு வந்தது.

"அம்மா, நீ சும்மா உட்காரணும், அவ்வளவுதான். பாப்பா கூட விளையாடக் கூடாது, வேற பசங்களைக் கொஞ்சக் கூடாது. உன்கிட்ட வந்தா மடியில வச்சுக்கோ. போனா விட்டுடு" என்று மகள் பத்துத் தடவை சொல்லி அனுப்பினாள்.

சும்மா உட்காருவதா! பன்னிரண்டு பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஓடுகிற அறையில், மூலையில் ஒரு சாண் உயர நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு. ஒரு பையன் மூக்கு ஒழுகிக்கொண்டே எனக்கு நேராக வந்து நிற்கிறான். என் கை தானாகப் புடவைத் தலைப்புக்குப் போகிறது. அங்கே இருந்த டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு காகிதத் துண்டோடு வந்து, அவனிடம் ஏதோ கேட்டு, அவன் தலையாட்டிய பிறகு துடைத்துவிட்டார். ஒரு வயதுப் பிள்ளையிடம் மூக்கைத் துடைக்க அனுமதி கேட்டதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

நாங்கள் புதன்கிழமை ஆரம்பித்தோம். கணக்குப்படி நான்காம் நாள் திங்கள். திங்களன்று பிரிக்க மாட்டார்களாம். இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு வருகிற பிள்ளைக்கு அன்றைக்கு எல்லாமே மறுபடி புதுசாக இருக்கும் என்பதால் செவ்வாய்க்குத் தள்ளிவைத்தார்கள். இந்த ஒரு விதியை எழுதியவர் நிச்சயம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தவர்தான். எங்கள் மையத்திலும் திங்கட்கிழமை அழுகை அதிகம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன, அதை வைத்து நாங்கள் ஒரு விதி எழுதவில்லையே.

செவ்வாய் வந்தது. பிள்ளை பொம்மையில் மும்முரமாக இருக்கும்போது நைசாக நழுவிவிடலாம் என்று எழுந்தேன். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். சொல்லாமல் போகக் கூடாது. பிள்ளை அழுதாலும் பரவாயில்லை, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

எங்கள் மையத்தில் ஜூன் மாதத்து முதல் வாரம் எப்படி இருக்கும் என்பதை நான் இங்கே சொல்லியாக வேண்டும். இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற பிள்ளையை நான் பிய்த்து எடுப்பேன், ஆயா கதவைச் சாத்துவார், அம்மா பின்னால் திரும்பிப் பார்க்காமல் ஓடுவாள். "அம்மா கடைக்குப் போயிருக்கா, மிட்டாய் வாங்கிட்டு வருவா." இந்தப் பொய்யை ஆயிரம் பிள்ளைகளிடமாவது சொல்லியிருப்பேன். ஒரே ஆளாக இருபத்தைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது பொய்தான்.

பேத்தி முன்னால் குனிந்து, "பாட்டி போயிட்டு வரேன்டா கண்ணு" என்றேன். உதடு பிதுங்கியது. வெளியே போய் தாழ்வாரத்தில் நின்றேன். உள்ளே அழுகை, அப்புறம் பாட்டு, அப்புறம் ஒன்றுமில்லை. இருபது நிமிஷம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். பேத்தி அந்த டீச்சர் மடியில் உட்கார்ந்து ஒரு மர ஸ்பூனைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நான் என்ன சொல்லிவிட்டுப் போனேன் என்று சாயங்காலம் மகளிடம் அந்த டீச்சர் கேட்டிருக்கிறார். தமிழில் 'போகிறேன்' என்று சொல்ல மாட்டோம், 'போய்விட்டு வருகிறேன்' என்றுதான் சொல்வோம் என்று இவள் விளக்கியிருக்கிறாள். மறுநாள் போனபோது அலமாரிக் கதவில் பேத்தி படத்துக்குக் கீழே, அவர்கள் எழுத்தில், 'போயிட்டு வரேன்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அவரும் வேலை முடிந்து கிளம்பும்போது பேத்தியிடம் அதையே சொல்வார் என்று மகள் இப்போதும் சொல்கிறாள்.

இதற்காக முழு மார்க் போட்டிருப்பேன். நவம்பர்தான் கெடுத்தது. காலை ஆறரை மணிக்கு மகள் போனில் செய்தி வரும்: இன்று இரண்டு பேர் உடம்பு சரியில்லாமல் வரவில்லை, முடிந்தவர்கள் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அல்லது மூன்று மணிக்கே அழைத்துப் போய்விடுங்கள். இரண்டு வாரத்தில் நாலு தடவை. நான் இருந்ததால் சமாளித்தோம். அந்தக் கீட்டாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை, நாடு முழுக்கப் பயிற்சி பெற்ற ஆள் பற்றாக்குறை. சட்டம் எழுதுவதற்குப் பேனா போதும். டீச்சரைப் படிக்கவைத்து எடுக்க அங்கே மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஆகிறது.

மகள் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு மூதாட்டி, பழைய கிழக்கு பெர்லின்காரர். மகள் மொழிபெயர்க்க அவரோடு ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்துக் கிழக்கு ஜெர்மனியில் வாரக் காப்பகம் என்றே இருந்ததாம். திங்கட்கிழமை கொண்டுபோய் விட்டால் வாரக் கடைசியில்தான் பிள்ளையைப் பார்ப்பது. ஷிஃப்ட் வேலை பார்த்த அம்மாக்களுக்கான ஏற்பாடு. இடம் தாராளம், செலவு இல்லை, வேலையும் உத்தரவாதம். "வெள்ளிக்கிழமை போனா, என் பிள்ளை என்னை யாருன்னு பார்க்கும்" என்றார். எத்தனை சதவீதப் பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது என்று நாட்டுக்கு நாடு அட்டவணை போடுகிறார்களே, அந்த அட்டவணையில் அந்தக் காலத்துக் கிழக்கு ஜெர்மனி முதல் வரிசையில்தான் இருந்திருக்கும்.

இப்போது ஜப்பான். அங்கே போனது இதற்கு முன்னால், 2019இல். நான் போய் இறங்கிய வாரம்தான் விற்பனை வரி 8லிருந்து 10 சதவீதமானது. அக்டோபர் 1. அன்றைக்கே மூன்று வயது முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்குக் காப்பகமும் மழலையர் பள்ளியும் இலவசமாயின. வரியை ஏற்றியதில் ஒரு பங்கு இதற்குத்தான் என்று வெளிப்படையாகவே சொல்லிச் செய்தார்கள். மகனுக்கு வரி மட்டும் வந்தது, இலவசம் வரவில்லை. பேரனுக்கு வயது ஒன்றரை. மூன்று வயதுக்குக் கீழே என்றால் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத்தான் இலவசம்.

காப்பகத்தை அங்கே 'ஹோய்குஎன்' என்கிறார்கள். வேலைக்குப் போகிற பெற்றோரின் பிள்ளைகளுக்கு இது. மழலையர் பள்ளி தனி, அதற்கு 'யோச்சியென்' என்று பெயர், அரை நாளில் முடிந்துவிடும். அப்போது முதலாவது சுகாதாரமும் நலனும் பார்க்கிற அமைச்சகத்தின் கீழ், இரண்டாவது கல்வி அமைச்சகத்தின் கீழ். பிள்ளை ஒன்று, அமைச்சகம் இரண்டு. இரண்டையும் சேர்த்து நடத்துகிற மையங்கள் 2006இல் வந்தன, பிள்ளைகளுக்கென்றே ஒரு முகமை 2023 ஏப்ரலில்தான் வந்தது. நம் ஊரில் அங்கன்வாடி ஒரு துறை, பக்கத்துச் சுவரில் பள்ளிக்கூடம் இன்னொரு துறை என்று அடித்துக்கொள்வதைப் பார்த்துப் பழகிய எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை.

ஹோய்குஎன்னில் சேர்க்க பாயிண்ட் கணக்கு. அப்பா வாரத்துக்கு எத்தனை நாள் வேலை, எத்தனை மணி நேரம், அம்மா எத்தனை, வேறு பிள்ளை அங்கே படிக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் பாயிண்ட். கூட்டிப் பார்த்து யாருக்கு அதிகமோ அவருக்கு இடம். சில நகராட்சிகளில், 65 வயதுக்குக் கீழே உள்ள தாத்தா பாட்டி கூடவே இருந்தால் பாயிண்ட் குறைந்துவிடும். எனக்கு அப்போது 61. "அம்மா, நீ இங்கேயே தங்கிட்டா எங்களுக்கு மைனஸ்" என்று மகன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆயுள் முழுக்கப் பிள்ளை பார்த்தவள் ஒரு வீட்டில் இருப்பது அந்தப் பிள்ளைக்குக் கழித்தல் கணக்கா?

கோளாறு எங்கே என்றால், அங்கே இடம் பிள்ளைக்கு இல்லை, பெற்றோரின் வேலைக்கு. வேலை மாதிரி ஒரு காரணத்தை நிரூபிக்காவிட்டால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அப்போது ஒரு இடமும் இல்லை. 2016இல் ஒரு அம்மா தன் பிள்ளைக்கு இடம் கிடைக்காத ஆத்திரத்தில் நாட்டையே திட்டி, பெயர் போடாமல் இணையத்தில் எழுதியது நாடாளுமன்றம் வரை போய்ப் பெரிய ரகளையானது. 2017இல் இடத்துக்குக் காத்திருந்த பிள்ளைகள் 26,081. அப்புறம் மளமளவென்று மையங்களைத் திறந்தார்கள், பிறப்பும் குறைந்துகொண்டே வந்தது, 2024இல் 2,567க்கு வந்துவிட்டது. இதில் எவ்வளவு அரசின் சாமர்த்தியம், எவ்வளவு தொட்டில் காலியானது என்று பிரித்துப் பார்க்காமல் கைதட்ட வேண்டாம்.

ஆனால் உள்ளே நடக்கிற வேலை இருக்கிறதே! தொழில் தெரிந்தவள் சொல்கிறேன், அந்தக் கைக்கு ஈடு நான் வேறெங்கும் பார்க்கவில்லை. தினமும் ஒரு நோட்டுப் புத்தகம் வீட்டுக்கும் காப்பகத்துக்கும் போய் வரும். ராத்திரி என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான், காலையில் வெளிக்கி இருந்தானா, உடம்புச் சூடு எத்தனை என்று மருமகள் காலையில் எழுதுவாள். சாயங்காலம் அவர்கள் எழுதி அனுப்புவார்கள். ஒரு நாள் மகன் படித்துக் காட்டினான்: இன்று ரயில் பார்க்க நடந்து போனோம், ஒவ்வொரு ரயிலுக்கும் கை காட்டினான், ஒரு ஓட்டுநர் ஹாரன் அடித்ததும் பயந்து என் காலைக் கட்டிக்கொண்டான், அப்புறம் இன்னொரு தரம் வேண்டும் என்றான். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு ஆள் என்பது அந்த வயதுக்கு அங்கே கணக்கு. ஆறு நோட்டிலும் இப்படித் தனித்தனியாக எழுதியிருப்பார். மாதா மாதம் எடையும் உயரமும் எடுத்து அதிலேயே குறித்து அனுப்புவார்கள். எடை போடுகிறார்கள் என்று கேட்டதும் எனக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

டயப்பர் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு டயப்பரிலும் பிள்ளை பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். எனக்குத் தெரிந்த ஜப்பானிய எழுத்து மொத்தம் பேரன் பெயரில் உள்ள நாலுதான், அதை ஒரு மாதத்தில் அச்சு மாதிரி எழுதக் கற்றுக்கொண்டேன். சாயங்காலம் அழைத்து வரப் போனால், அழுக்கான அதே ஐந்தையும் பையில் கட்டி என் கையில் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் எறிய வேண்டுமாம். பிள்ளையின் மலத்தைப் பார்த்து உடல்நிலை தெரிந்துகொள்ளட்டும் என்று காரணம் சொல்வார்கள். ரயிலில் அந்தப் பையோடு நின்றுகொண்டு வந்திருக்கிறேன். மையங்களே அப்புறப்படுத்தலாம் என்று அரசு 2023 ஜனவரியில்தான் அறிவுரை சொன்னது. அதுவரை பிள்ளை பெற்ற எல்லா ஜப்பானியத் தாய்மார்களுக்கும் என் அனுதாபம்.

உடம்புச் சூடு 37.5 டிகிரி செல்சியஸ் தாண்டினால் போன் வந்துவிடும், வந்து அழைத்துப் போங்கள் என்று. 37.5 எல்லாம் எங்கள் மையத்தில் வெயிலில் விளையாடிய சூடு. போன் வருவது அநேகமாக அம்மாவுக்குத்தான். மருமகள் அலுவலகத்தில் மூன்றாம் தடவை எழுந்து போனபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். "ஒன்றும் சொல்லாததுதான் அத்தை கஷ்டமா இருக்கு" என்றாள்.

இன்னொரு கணக்கு. அங்கே நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு 30 பேருக்கு ஒரு ஆள் என்ற அளவு 1948இல் வைத்தது. அதை 25 ஆக்க 2024 வரை ஆனது. கை எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் அது இரண்டுதானே.

ஸ்வீடனுக்கு பெர்லினிலிருந்து ஒரு வாரம் போய் வந்தேன். ஒரு வாரத்தில் பார்த்ததற்கு ஒரு வார மதிப்பு மட்டும் கொடுங்கள். தங்கை மகள் வீட்டில் முதலில் நான் கேட்டது, இங்கே கைக்குழந்தைகள் எங்கே என்று. அவர்கள் பாலர் பள்ளியில் ஒரு வயதுக்குக் கீழே ஒரு பிள்ளைகூட இல்லை. காரணம், அந்தப் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு வீட்டில் இருக்கின்றன. ஒரு பிள்ளைக்கு 480 நாள் விடுப்புப் பணம், இருவருக்கும் சேர்த்து. அதில் 90 நாள் அப்பாவுக்கென்றே, 90 நாள் அம்மாவுக்கென்றே. எடுக்காவிட்டால் போய்விடும், மற்றவருக்கு மாற்ற முடியாது. பெண்ணுக்கு மட்டும் இருந்த பேறுகால விடுப்பை 1974இலேயே பெற்றோர் இருவருக்குமான விடுப்பாக மாற்றிவிட்டார்கள்.

இது எனக்கு ஒரு திறப்பு. பூஜ்ய வயதுக் குழந்தைக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒரு நாடு காப்பகத்தைப் பதிலாகச் சொல்கிறது, இன்னொரு நாடு விடுப்பைச் சொல்கிறது. ஜப்பானில் பிறந்து 57 நாளில் சேர்த்துக்கொள்கிற மையங்கள் உண்டு. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு, ஸ்வீடனில் கைக்குழந்தைக் காப்பகமே இல்லை என்று எழுதினால் அது உண்மைதான், அர்த்தமில்லாத உண்மை.

ஒரு வயதானதும் இடம் கேட்டால் நாலு மாதத்துக்குள் நகராட்சி கொடுத்தாக வேண்டும். கட்டணம் 2002 முதல் உச்சவரம்புக்குள்: முதல் பிள்ளைக்கு வருமானத்தில் 3 சதவீதம், இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 1, அதற்கும் ஒரு தொகைக்கு மேல் போகாது. பாலர் பள்ளிகளை 1996இலேயே கல்வி அமைச்சகத்தின் கீழ் கொண்டுபோய்விட்டதால் அந்த இரட்டை அமைச்சகச் சண்டையும் இல்லை.

நான் போன மூன்றாம் நாள் பிள்ளைக்குச் சளி. தங்கை மகளின் வீட்டுக்காரர் போனை எடுத்து ஏதோ தட்டினார், சட்டையை மாற்றிக்கொண்டு சோபாவில் பிள்ளையோடு படுத்துவிட்டார். நோயுற்ற பிள்ளையைப் பார்க்க விடுப்பு எடுத்தால் சம்பளத்தில் 80 சதவீதத்துக்கு நெருக்கமாக அரசு கொடுக்கும், ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 120 நாள் வரை. இதற்கு 'வாப்' என்று சுருக்கப் பெயர். பிப்ரவரியில் எல்லாப் பிள்ளைக்கும் சளி பிடிப்பதால் அந்த மாதத்தையே 'வாப்ருவரி' என்று கிண்டலாகச் சொல்வார்களாம். காய்ச்சல் வந்தால் யார் பிழைப்பு கெடும் என்ற என் கேள்விக்கு நான் பார்த்த ஒரே நேரான பதில் சோபாவில் படுத்திருந்த அந்த மனிதர்தான். 2024 ஜூலை முதல் பெற்றோர் ஒவ்வொருவரும் தங்கள் விடுப்பு நாட்களில் 45 வரை தாத்தா பாட்டிக்கும் மாற்றித் தரலாம், அந்த நாட்டு சமூகக் காப்பீட்டுக்குள் இருக்கிற தாத்தா பாட்டியாக இருந்தால். ஜப்பானில் மைனஸ் ஆன பாட்டிக்கு ஸ்வீடனில் சம்பளம்!

குறை இல்லாமல் இல்லை. அங்கே வேலை பார்ப்பவர்களில் பாலர் பள்ளி ஆசிரியர் பட்டம் பெற்றவர்கள் பாதிக்கும் குறைவு. பிள்ளைகளின் கூட்டமும் பெரிதாகத்தான் இருந்தது.

அமெரிக்காவைப் பற்றி அண்ணன் மகன் கேட்டான். நான் போனதில்லை. 1971இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் காப்பகம் கொண்டுவர வழிசெய்யும் சட்டம் அங்கே இரண்டு அவைகளிலும் தேறி, ஜனாதிபதி நிக்சன் அதை ரத்து செய்தார் என்பது மட்டும் தெரியும். பிரான்ஸில் 2019 செப்டம்பர் முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். மூன்று வயதில் கட்டாயம் என்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் கட்டாயம் என்றால் அரசுக்கும் இடம் கொடுத்தே தீர வேண்டிய கட்டாயம், அந்தவரையில் சரி.

கடைசியில் நம்முடையது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஆரம்பித்தது, இப்போது கிட்டத்தட்ட 14 லட்சம் மையங்கள். சத்துணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது, தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துப் பாடம் என்று ஆறு சேவை. நான் பார்த்த மற்ற மூன்று நாட்டிலும் இவற்றை மருத்துவர், செவிலியர், பள்ளி, நகராட்சி என்று பலர் பங்குபோட்டுச் செய்கிறார்கள். இங்கே ஒரு டீச்சரும் ஒரு உதவியாளரும். கருவுற்ற நாளிலிருந்தே பெண்ணைத் தேடி வீட்டுக்குப் போகிற பால்வாடி நான் பார்த்தவரை நம்முடையது ஒன்றுதான். இதை யாராவது வெளிநாட்டில் கண்டுபிடித்திருந்தால் இங்கே வந்து பயிலரங்கம் நடத்தியிருப்பார்கள்.

தொங்கு தராசில் துணித் தொட்டில் மாட்டி பிள்ளையை உட்காரவைத்தால் அது காலை உதைத்துக்கொண்டே இருக்கும், முள் ஆடிக்கொண்டே இருக்கும். முள் நிற்கிற அரை நொடியில் கண்ணால் பிடித்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். போன மாதப் புள்ளிக்குக் கீழே இந்த மாதப் புள்ளி விழுந்தால் அன்றே அந்த வீட்டுக்குப் போவேன். இந்த வேலைக்கு நான் பத்துக்குப் பத்து கொடுப்பேன், என் வேலை என்பதால் அல்ல.

குறை எங்கே? மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு நாம் பெரும்பாலும் கொடுப்பது மாவுப் பொட்டலம். அந்தப் பிள்ளையைப் பகலில் யார் பார்ப்பது என்பதற்குப் பதில் கிடையாது. 26 வாரப் பேறுகால விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் 2017 திருத்தச் சட்டத்தில் வந்தன. சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கும் களை எடுக்கப் போகிறவளுக்கும் அதில் என்ன இருக்கிறது? எங்கள் மையம் சாயங்காலத்துக்கு முன்பே பூட்டிவிடும், அவள் வேலை பொழுது சாய்ந்துதான் முடியும். பெரிய அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு மையத்து வாசலில் நிற்பதை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பெயர். எங்களுக்கு 'கௌரவப் பணியாளர்' என்று பெயர், வாங்குவது மதிப்பூதியம். 2018 அக்டோபரிலிருந்து மத்திய அரசின் கணக்கில் மாதம் 4,500 ரூபாய், மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துக் கொடுக்கும். எங்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022இல்தான் சொன்னது, நான் ஓய்வு பெற்று வந்த பிறகு. பெர்லின் டீச்சரிடம் மகள் மூலமாக இதைச் சொன்னபோது, 'கௌரவ' என்ற சொல்லை அவருக்கு எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் மகள் திணறினாள். "சம்பளம் இல்லாமல் விருப்பத்துக்குச் செய்கிறீர்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான் என்று சொல்லச் சொன்னேன்.

மார்க் கேட்பீர்கள். முதல் நாளுக்கு பெர்லின். தினப்படி வேலைக்கு ஜப்பான். காய்ச்சல் நாளுக்கு ஸ்வீடன். வீடு தேடிப் போவதற்கு நாம். நாலையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிற நாட்டில் எனக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இன்னும் குடியேறவில்லை.

மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருக்கிறது. ஒரு வயது ஆனதும் அதே கீட்டாவில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம், பழக்கப்படுத்த யார் வருவார்கள் என்று எழுதச் சொன்ன இடத்தில் என் பெயரை எழுதியாகிவிட்டது. இதைப் படிக்கிற பாட்டி யாராவது அந்த வேலைக்குப் போவதாக இருந்தால் ஒரு யோசனை: வெளியே போட்ட செருப்போடு உள்ளே விட மாட்டார்கள், தரை சில்லென்று இருக்கும், கெட்டியான கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள். அந்தச் சின்ன நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால், எழுந்திருக்கும்போது எதைப் பிடித்துக்கொள்வது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் ஜன்னல் ஓரமாகப் போட்டுக்கொண்டேன்.